விட்டுப்போன தடுப்பு

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

மேசையில் இரண்டு திரைகள். இடது பக்கம் பழைய சர்வரிலிருந்து வந்த நேரலை வீடியோவில் அவள் வீட்டு ஹால் மதிய வெளிச்சத்தில் கிடந்தது: சோபா, அதன் ஓரத்தில் துவைத்த துணிக் குவியல், குவியலின் மேலேயே காலை நீட்டித் தூங்கும் தம்பி. வலது பக்கம் புது சர்வரில் அதே ஹால், அதே கோணம், அதே கேமரா. ஆனால் அதில் விளக்கு எரிந்தது, ஜன்னல் இருட்டியிருந்தது. துணியெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்றைய வீடியோ தப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தத் துணியை இன்று காலையில்தான் துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆபீஸில் ஈ காக்கை இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழிந்தது. ஏசியின் முனகல், யாரோ குடித்து மறந்துபோன காபியின் புளிப்பு, புது சர்வரின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது கிளம்பி இன்னும் போகாத வாடை. பழைய சர்வர் பக்கத்து அறையில் பேய்க்காற்றாக இரைந்துகொண்டிருந்தது. புதியது சத்தமே போடவில்லை. மின்சாரம் மிச்சம் என்று மேலிடத்துக்கு அதன் மேல் ஒரே காதல்.

ஊரார் போட்டோக்களையும் வீடியோக்களையும் சேமித்து வைக்கும் கிளவுட் மென்பொருளை அந்தப் புதிய வகை பிராசஸருக்கு மாற்றுவதுதான் அவள் வேலை. கேட்க எளிது, செய்தால் தாவு தீர்ந்துவிடும். பழைய பிராசஸர் பயந்த சுபாவம். முதலில் எழுதியதை முதலில் காட்டும். புதியது கெட்டிக்காரப் பிள்ளை. தனக்கு எது வசதியோ அந்த வரிசையில் செய்யும். ஓர் இடத்தில் எழுதி முடித்திருப்போம், படிக்கிறவனுக்கு அது தெரியாது. பிறகு எழுதியது முதலில் தெரிந்து தொலைக்கும். அப்படி ஆகாமலிருக்க, ‘இது எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அடுத்தது’ என்று நடுவில் ஒரு தடுப்பு வரி போட வேண்டும். பழைய காலத்தில் தேவைப்படாததால் யாரும் போட்டு வைக்கவில்லை. லட்சக்கணக்கான வரிகளில் அந்த இடங்களைத் தேடித் தேடி அவள் கண் பூத்துப்போயிருந்தது.

அடுத்தவர் வீட்டுப் படங்களை வைத்துச் சோதனை செய்யக் கூடாது. அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். “உன் வீட்டு அக்கவுண்ட்டையே புதுசுக்கு மாத்திடும்மா, நிஜமான ஆள் ஒருத்தராவது அதுல இருக்கணும்ல” என்று டீம் லீடர் சொல்லியிருந்தார். காலையில் மாற்றினாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதில் ஒரு நகல். மற்றபடி அவள் வீடு மட்டும் புது சர்வரில் தன்னந்தனியாகக் குடியிருந்தது.

வீடு என்றால் அவளும் தம்பியும்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். ஆறடி உயரம் வளர்ந்தும் அவளுக்கு அவன் வாண்டு. அவனுக்கு வலிப்பு வரும். ஒருமுறை அவள் வரத் தாமதமாகி, அவன் விழுந்து நெற்றி கிழிந்து தையல் போட்டார்கள். அடுத்த தடவை தலையில் பலமாக அடிபட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலில் கேமரா வந்தது அதற்குப் பிறகுதான்.

போன் போட்டாள்.

“என்னடா பண்ற?”

“தூங்குறேன். இதைக் கேக்கத்தான் எழுப்புனியா?”

“மாத்திரை போட்டியா?”

“போட்டாச்சு டாக்டரம்மா.”

“துணி மடிக்கச் சொன்னேனே?”

“மடிக்கிறேன், மடிக்கிறேன். உயிரை வாங்காத. நீ எப்ப வர்ற?”

“இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்.”

குரலைக் கேட்டதும் நெஞ்சு லேசானது. சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். இடது திரையில் தம்பி எழுந்து சோம்பல் முறித்தான், ஒரு சட்டையை எடுத்து உதறினான், மடித்தான். அடுக்கின் மேல் நீலத் துண்டு, அதற்கு மேல் அவளுடைய பச்சைத் துப்பட்டா. வலது திரையில் எப்போதோ மடித்து வைத்திருந்த அடுக்கின் மேலும் நீலத் துண்டு. அதற்கு மேல் பச்சைத் துப்பட்டா.

இது பழைய வீடியோ இல்லை.

வலது திரையை ஓடவிட்டாள். தம்பி கதவைப் பார்க்கிறான். போனை எடுத்துப் பேசுகிறான். கதவைப் பார்க்கிறான். வலது கைக் கட்டைவிரல் மெல்ல உள்ளே மடங்குகிறது. அவளுக்குத் தெரிந்த அடையாளம் அது. பிறகு அவன் சரிகிறான். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில். தலை தரையில் மோதுகிறது. மறுபடியும். மறுபடியும். கதவு திறக்கவில்லை.

யாரும் வரவில்லை.

எந்த வரியில் தடுப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஒருவரைப் பதிவு செய்யும் வரிக்கும், ‘வந்தாயிற்று’ என்று அறிவிக்கும் வரிக்கும் நடுவில். வந்தவர் வந்திருப்பார், பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அதைத் திருத்திப் புதிதாக ஏற்ற நேரம் பிடிக்கும். வீட்டுக் கணக்கைப் பழைய சர்வருக்குத் திருப்பிப் போட ஒரு நிமிஷம் போதும். அது தோன்றவே இல்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகள் அந்த வராந்தாவில். இன்று எரியவில்லை. இருட்டிலேயே தடவிக்கொண்டு கோடி வரை போனாள். திரும்பிப் பார்த்தபோது, அவள் கடந்து வந்த இடத்தில் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. நிதானமாக. அவளுக்குப் பின்னால் வேறு யாரோ நடந்து வருவதுபோல.

கீழே செக்யூரிட்டி அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “வர்றேண்ணே” என்றாள். எப்போதும் ஒரு சிரிப்பாவது சிரிப்பவர், தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஏனென்று தெரியவில்லை.

மழையில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரை விரட்டினாள். சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரர் அவள் இருந்த இடத்துக்கே வண்டியை ஒடித்தார். ஹாரன் அடித்துக்கொண்டே விலகித் தப்பித்தாள். ஹாரன் சத்தம் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. உலகத்தில் இத்தனை பேர் இருந்தும் தனக்கு ஒரே ஒரு ஆள்தான் என்று நினைத்தாள். அவன் விழக் கூடாது. விழுவதற்குள் போய்விட வேண்டும்.

வெள்ளம் நின்ற தெருக்களைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்ந்தபோது இருட்டியிருந்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணி மடித்திருந்தது. தம்பி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பாடா” என்றாள். “டேய் வாண்டு.”

அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோபம் போலிருக்கிறது என்று பக்கத்தில் போனாள். ஈரத் துப்பட்டாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் பார்வை அவள் வயிற்றை ஊடுருவிக் கதவுக்குப் போனது. கையில் போன் அடித்தது. எதிரே அவன் போனைக் காதில் வைத்திருந்தான்.

“அக்கா, எங்க இருக்க? இருட்டிடுச்சு.”

“இங்கதான்டா. உன் முன்னாடி நிக்கிறேன்.”

“விளையாடாத. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. சீக்கிரம் வாயேன்.”

அவன் கட்டைவிரல் உள்ளே மடங்கியது.

போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். விழுவதற்குள் பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டாள்! தரையில் உட்கார்ந்து தலையை மடியில் வாங்கி, பழகியபடி ஒருக்களித்துத் திருப்பினாள். கனம் தெரிந்தது. சூடு தெரிந்தது. தலைமுடியில் அவன் போடும் எண்ணெய் வாசனை. அவள் மடியில் அவன் அசையாமல் படுத்திருந்தான். நிம்மதியில் அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டது.

டொக்.

சத்தம் தரையில் கிடந்த போனிலிருந்து வந்தது. பேச்சு அறுந்து, திரையில் கேமரா படம் திறந்திருந்தது. ஹால். விளக்கு. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் தம்பி. தனியாக.

டொக்.

மடியில் தலை அசையவில்லை. படத்தில் தலை எழும்பித் தரையில் மோதியது. அவள் அவன் நெற்றியில் கையை வைத்து அழுத்தினாள். படத்தில் கை இல்லை.

டொக்.

“வந்துட்டேன்டா. வந்துட்டேன்.”

அவள் உட்கார்ந்திருந்த தரை சுத்தமாக இருந்தது. படத்தில் டைல்ஸ் மேல் சிவப்பாக ஒன்று மெல்லப் பரவியது. அதன் நடுவில் தம்பியின் கண்கள் பாதி திறந்தன.

அவை கதவைப் பார்த்தன.