லோகாவின் பாயில் உட்கார்ந்தவன்

வெளியூர்க்காரர்கள் பெரஹெர யானை ஊர்வலம் பார்க்கச் சாயங்காலம் கண்டிக்கு வருவார்கள். கண்டிக்காரர்கள் காலையிலேயே தலதா வீதி நடைபாதையில் பாயை விரித்துவிட்டு, நாள் முழுக்க அதற்குக் காவல் இருப்பார்கள். பாயை விரித்தால் இடம் உங்களுடையது... எங்கும் எழுதாத சட்டம், ஆனால் யாரும் மீறாத சட்டம்.

அதை மீறி ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதுவும் யாருடைய பாயில்? மஹியாவவில் எங்கள் சந்திலேயே வாய்க்குப் பேர்போன லோகேஸ்வரியின் பாயில்.

வீட்டாருக்கு இடம் பிடிப்பதற்காக லோகா புடவைக்கடை வேலைக்கு லீவு போட்டு வந்தவள். வடை வாங்க அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள், ஆறடி உருவம் ஒன்று ஒரு காலை நீட்டி, மற்றதை மடக்கி, சொந்த வீட்டு விறாந்தை மாதிரி...

"எழும்புங்க. இது ஆள் உள்ள பாய்."

அவன் நிமிர்ந்தான். மழைக்கு முன்னால் வாவித் தண்ணீர் ஒரு நிறம் காட்டுமே, அந்த நிறம் அவன் கண்களுக்கு. இதை லோகா எங்களிடம் ஒத்துக்கொள்ள வெகுநாள் ஆனது. அன்றைக்குச் சொன்னதெல்லாம் வேறு... பிசைந்து போட்ட மாவு மாதிரி வீங்கிய காது, புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தையல் தழும்பு, கொஞ்சம் கோணின மூக்கு. சந்தேகமே இல்லை, ரவுடி.

"ஆள் உள்ள பாய்னு தெரியும்," என்றான் அவன். "அதான் ஆளா உக்காந்திருக்கேன்."

அவள் போன பிறகு ஒரு கூட்டம் வந்து பாயைப் பாதி மடித்துத் தங்கள் பிளாஸ்டிக் விரிப்பைப் போடப் பார்த்ததாம். அதனால்தான் உட்கார்ந்தானாம். முழங்காலும் வலித்ததாம். லோகா நம்புவாளா?

"மூஞ்சியைப் பார்த்தா இடம் புடிச்சுக் குடுக்கிற ஆள் மாதிரி தெரியலையே."

"வேற எப்படித் தெரியுது?"

"இடத்தைப் புடுங்குற ஆள் மாதிரி."

அவன் சிரித்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. லோகா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அப்போது பார்த்து ஒரு பொலிஸ்காரர் வந்தார். பிடித்துக்கொண்டு போவார் என்று இவள் காத்திருந்தால், அவர் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போகிறார். ஐஸ்கிறீம் விற்கிறவர் தானாக வந்து ஒன்றை நீட்டுகிறார். லோகா முடிவே கட்டிவிட்டாள். சில்லறை ரவுடி இல்லை இவன்... ஊரே பயப்படுகிற ரவுடி.

கண்டியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இவன் யாரென்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாதுதான். அவள் அப்பா சுந்தரலிங்கம் ஞாயிறு தவறாமல் நித்தவெல மைதானத்துக்குப் போவார். நீளப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அந்த றகர் ஆட்டத்தைப் பார்த்துக் கத்தி, தொண்டை கட்டி, அடுத்த இரண்டு நாள் சைகையில் பேசுவார். அந்த எரிச்சலில் லோகா பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பியும் பார்க்கமாட்டாள்.

மழை வந்தது. கண்டி மழை... கேட்டுக்கொண்டா வரும்? ஒரே ஒரு குடை, அது அவளுடையது. அவன் நனைந்தால் நனையட்டும், பாய் நனையக் கூடாதே என்றுதான் குடையைச் சாய்த்தாளாம். சரி, நாங்களும் நம்பினோம்.

குடைக்குள் குரல்கள் தானாகத் தணிந்தன. பேர் வீரையா, தாத்தாவின் பேராம். ஊர் மடுல்கெல்ல, அம்மா தேயிலைக் கொழுந்து பறித்த மலைத்தோட்டம். என்ன வேலை என்று கேட்டதற்கு மட்டும் அவன் மழையைப் பார்த்தான்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல..."

பிறகு கேட்காமலே சொன்னான். காலையில்தான் டாக்டரிடம் போய்வந்தானாம். நடப்பதற்கு இந்த முழங்கால் போதும், இனி ஓடுவதற்கு உதவாது என்றாராம். இன்னும் அம்மாவுக்குக் கூடச் சொல்லவில்லையாம்.

"அதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"நான் யாருன்னு உங்களுக்குத் தெரியல. அதான் சொல்ல முடிஞ்சுது."

ஓட முடியாததற்கு ஒரு மனிதன் இவ்வளவு வருத்தப்படுவானா... லோகாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் எதுவோ மெல்லப் புரண்டு படுத்தது. ஒரு வடையை எடுத்து நீட்டினாள். லோகா தன் வடையை இன்னொருவருக்குக் கொடுத்தாள் என்றால், எங்கள் சந்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார் சுந்தரலிங்கம். பாயில் இருப்பது யாரென்று பார்த்ததும் கையிலிருந்த சாப்பாட்டுக் கூடையைக் கீழே போட்டார்.

"வீரா...? எங்க பாயிலயா?"

அப்புறம் அவர் வாய் ஓயவில்லை. கண்டி அணியின் வீரா, இவன் பந்தோடு பாய்ந்தால் நான்கு பேர் தொங்கினாலும் நிற்கமாட்டான் என்று பக்கத்துப் பாய்களுக்கும் கேட்கச் சொன்னார். எப்போது திரும்ப இறங்குவீங்க தம்பி, அடுத்த பருவம் கப் நமக்குத்தானே என்று கேட்டபோது, அவன் லோகாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

"அப்பா, அவரைச் சாப்பிட விடுங்க," என்றாள்.

ரகசியத்தைக் காப்பாற்றினாளே தவிர மனசு கொதித்தது. ஊருக்கே தெரிந்த ஆளை நான் மட்டும் ரவுடி என்று நினைத்து... உள்ளுக்குள் எவ்வளவு சிரித்திருப்பான். யானைகள் விளக்கும் மணியுமாக அசைந்து போயின. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. அவனோடு பேசவும் இல்லை.

அடுத்த வாரம் அவன் புடவைக்கடைக்கு வந்து ஒரு கைக்குட்டை வாங்கினான். லோகா தலை நிமிராமல் சுற்றிக் கொடுத்தாள். மறுபடி வந்தான், இன்னொரு கைக்குட்டை. மறுபடியும்.

"இவ்வளவு கைக்குட்டையும் எதுக்கு?"

"நீங்க பேசலைன்னு அழுறதுக்கு."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். அடக்க முடியவில்லை. அத்தோடு போனது கோபம். அப்புறம் வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்து தேத்தண்ணி, 'நீங்க' என்பது அவன் வாயில் 'நீ' ஆனது... வாவி மீன்களுக்குத் தெரியும் முன்பே எங்கள் சந்துக்குத் தெரிந்துவிட்டது. மனதில் இருப்பதை மட்டும் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முழங்கால் விஷயம் ஒருநாள் பேப்பரில் வந்தது. வீரா இனி ஆடமாட்டார், ஒப்பந்தம் முடிந்தது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி சுந்தரலிங்கம் சாப்பிடாமல் கிடந்தார். அதே வாரம் வாவிக்கரைச் சங்கதியும் அவர் காதுக்குப் போனது. சந்து என்று ஒன்று இருந்தால் போகத்தானே செய்யும்.

"கை தட்டுறது வேற, பொண்ணு குடுக்கிறது வேற," என்றார். "காலும் போயி, வேலையும் போன பையன்..."

சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு லோகாவின் குரல் தெளிவாகக் கேட்டது. வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரல்.

"பத்து வருஷமா மைதானத்துல கத்துனீங்களே அப்பா... அவர் பேரைக் கத்துனீங்களா, முழங்கால் பேரைக் கத்துனீங்களா?"

ஆனால் அப்பா சொன்னது வீரையாவுக்கும் எட்டிவிட்டது. உங்கப்பா சொல்றது சரிதான் என்று போனில் ஒரு வரி சொல்லிவிட்டு, மடுல்கெல்லைக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு லோகாவின் அழைப்புகள் மலையில் முட்டித் திரும்பி வந்தன. அவள் வாயாடாத எங்கள் சந்தில் எங்களுக்கே பொழுது போகவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறு. சுந்தரலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு, "நீயும் கிளம்பு," என்றார் மகளிடம். ஏன் என்று கேட்கவும் தெம்பில்லாமல் போனாள். ஆட்டம் தொடங்கியது. அப்பா கத்தவில்லை. மைதானத்தையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"வாசல்ல நிக்கிறான். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். வந்துட்டு உள்ள வர மாட்டேங்கிறான்... எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்க வெக்கமா இருக்கு. நீ போய்க் கூட்டிட்டு வா."

வெளியே தூறல். மதிலோரத்து மரத்தடியில், அழுத்தித் தேய்த்த வெள்ளைச் சட்டையில் நின்றான். மெலிந்திருந்தான். கண்கள் மட்டும் அதே நிறம்.

"உள்ள வாங்க."

"வந்தா எல்லாரும் பாவம்னு பார்ப்பாங்க, லோகா. அப்படி ஓடினவன் இப்போ இப்படி நடக்கிறானேன்னு... நீயும் ஒருநாள் அப்படித்தான் பார்ப்ப."

லோகா அவனை நேராகப் பார்த்தாள்.

"நீங்க ஓடுனதை நான் ஒருநாளும் பார்த்ததில்ல. அதனால எனக்கு எதுவும் குறைஞ்சு போன மாதிரி தெரியல. நான் பார்த்த ஆள் இப்பவும் முழுசாத்தான் நிக்கிறார்."

தூறல் அவன் இமைகளில் நின்றது. தூறல்தானா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"உன்னை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு," என்றான் கடைசியில். "சொல்லத் தைரியம் இல்லாமத்தான் மலையேறிட்டேன்."

"இவ்வளவு பெரிய உடம்புல தைரியத்தை எங்க வச்சிருந்தீங்க?"

"முழங்கால்ல..."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு," என்று கையை நீட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக லோகாவின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

அந்த நேரம் மைதானம் அதிர்ந்தது. யாரோ பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும்... அந்த ஆரவாரத்துக்காகவே இத்தனை வருஷம் வாழ்ந்தவன், யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.