ஏழாம் இருக்கையின் பச்சை விளக்கு

மாலை 3.52. இகாவிலிருந்து லீமாவுக்குப் போய்க்கொண்டிருந்த வேனில் ஏழாம் இருக்கைக்காரர் ஏழாம் இருக்கையில் இல்லை. நடைவழியில் நெற்றி பிளந்து குப்புற மயங்கிக் கிடந்தார். பெயர் ஹெர்மோகெனஸ், பருத்த தையற்காரர்.

மற்ற ஐந்து பயணிகளும் பார்க்கவில்லை. முன் இருக்கையில் மாட்டியிருந்த கைபேசியில் பெரு அணி பெனால்டி அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வேனின் கூரையே பறந்திருந்தாலும், கோல் விழுந்ததா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

மாலை 5.20. வழியிலிருந்த சின்சா காவல் நிலையம். கம்பிக்குப் பின்னால் ஓட்டுநர் வில்மர் உச்சுயா. முன்னால் சார்ஜென்ட் நெலிதா அன்சான்தே.

"அடிச்சியா?"

"நாய் குறுக்க வந்துச்சும்மா. பிரேக்க மிதிச்சேன். அதுக்கு அடி கிடி பட்டுதான்னு இறங்கிப் பாத்தேன். திரும்பி ஏறினா மனுஷன் கீழ கெடக்கறாரு."

"நாய்?"

"நல்லாருக்கு. என்னைய ஒரு மொறை மொறைச்சுட்டுப் போயிருச்சு."

"மண்டைய பொளந்துருவேன்னு அவர்கிட்ட சொன்னியாமே?"

"'பொணவண்டியா ஓட்டறே'ன்னு வழியெல்லாம் கேட்டாரு, சொன்னேன். தெனம் நாலு பேர்கிட்ட சொல்றதுதாம்மா. சொன்னபடி செஞ்சிருந்தா இந்த ரூட்ல பாதிப் பேருக்கு மண்டையே இருக்காது."

அப்போது இன்ஜினியர் ஒக்தாவியோ எச்சேகராய் உள்ளே வந்தார். வேன் நிறுவனத்தின் பயணிகள் பாதுகாப்புப் புத்தாக்க இயக்குநர். பதவியைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு போதாது. கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வியர்த்தது.

"கேமரா பொய் சொல்லாது, சார்ஜென்ட். ஒவ்வொரு இருக்கைக்கும் மேல கேமரா வச்ச ஒரு பெட்டி, ஒரு விளக்கு. பெல்ட் போட்டா பச்சை. போடலன்னா சிவப்பு, அலாரம் கத்தும். 3.50 வரைக்கும் ஏழாம் இருக்கை பச்சை. 3.51ல ஓட்டுநர் இருக்கை காலி, ஏழாம் இருக்கையும் காலி. பெல்ட் போட்ட மனுஷன் பறக்க மாட்டான். யாரோ கழட்டி அடிச்சிருக்கணும். எழுந்தது ஒரே ஆள்."

"அந்த நிமிஷத்துப் படத்த காட்டுங்க."

"விளக்கு நிறத்த மட்டுந்தான் சேமிப்போம். பயணியோட அந்தரங்கம் எங்களுக்குப் புனிதம்."

"வண்டியப் பாக்கலாமா?"

"தாராளமா. கழுவியாச்சு. நாளைக்கு லீமால விருது வாங்கணுமில்ல?"

"எதுக்கு விருது?"

இன்ஜினியர் தொண்டையைச் செருமித் தன் குரலுக்கு வழிவிட்டார். "சாதா நாள்ல நூத்துக்கு நாப்பது பேர்தான் அலாரம் கத்தாமலே பெல்ட் போடறாங்க. பெரு ஆடற நாள்ல எழுபது! தேசப்பற்று மனுஷன ஒழுங்காக்குதுன்னு கட்டுரையே எழுதிட்டேன்." பிறகு கம்பியைப் பார்த்தார். "இவன வேலையவிட்டு நீக்கியாச்சு. காலையில கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவீங்கள்ல?"

 கோர்ட்டுக்குப் போனால் வில்மரின் லைசென்ஸும் போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மாலை 6.05. தாழ்வாரத்தில் எட்டாம் இருக்கைக்காரி பெத்ரோனிலா வறுத்த சோளம் மென்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஊரே போட்டிருந்த அதே பெரு அணிச் சட்டைதான் அவரும் போட்டிருந்தார்: வெள்ளை, தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாகச் சிவப்புப் பட்டை.

"என்னை எப்ப விடுவீங்க? ஏறினதுலேர்ந்தே நேரம் சரியில்ல. பெல்ட் மாட்டற வரைக்கும் அந்தப் பெட்டி தலைக்கு மேல கத்துது. எங்க வலப்பக்கம் மூணு பேருக்கும் அதே கதிதான். இடப்பக்கம் மூணு பேருக்கு ஒரு சத்தம் கெடையாது. அவங்க என்ன மந்திரி வீட்டு மாப்பிள்ளைங்களா?"

"அவங்க ஏறின ஒடனே பெல்ட் போட்டாங்களா?"

"நான் என்ன அவங்க மடியவா பாத்துக்கிட்டிருந்தேன்?"

நெலிதா ஒரு கைப்பிடி சோளம் வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற வேனுக்கு நடந்தார். ஏழாம் இருக்கையின் பெல்ட்டை முழுதாக இழுத்தார். கடைசி மடிப்பில் பாலைவனத் தூசி. ஒரு மிட்டாய்த் தாள் ஒட்டியிருந்தது. கழுவியவர்கள் அதுவரை போகவில்லை. மாட்டியவர்களும் பல மாதமாக அவ்வளவு நீளம் இழுக்கவில்லை; பருத்த ஒருவர் மாட்டியிருந்தால் இழுத்திருப்பார்.

மாலை 6.40. வேனுக்குள்.

"கோட்ட கழட்டுங்க, இன்ஜினியர்."

"எதுக்கு?"

"புழுங்குது. அதோட உள்ள என்ன சட்டைன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு மேட்ச்."

கழற்றினார். வெள்ளை, சிவப்புப் பட்டை. "நானும் பெருக்காரன்தானே," என்றார் மெல்ல.

"ஏழுல உக்காருங்க. பெல்ட்ட தொடாதீங்க."

உட்கார்ந்தார். பச்சை.

"இப்ப எட்டுல."

பெட்டி அலறியது.

"இடது சன்னலோரம் பெல்ட் இடது தோள்லேர்ந்து வலது இடுப்புக்கு வருது. சட்டைப் பட்டையும் அப்படித்தான் ஓடுது. வலப்பக்கம் பெல்ட் எதிர்த்திசை, அங்க சட்டை பலிக்கல. ஒங்க கேமராவுக்கு நெறம் தெரியுமா?"

"கறுப்பு வெள்ளை," என்றார் இயக்குநர், தன் பதவியின் நீளத்துக்குப் பொருந்தாத குரலில்.

"ஹெர்மோகெனஸும் இந்தச் சட்டைதான், பெல்ட்டே போடல. நாய் வந்துச்சு, பிரேக், முன்சீட்டு இரும்புச் சட்டம். அடிச்சது அந்தச் சட்டம். வில்மர உள்ள தள்ளினது ஒங்க பெட்டி. மக்கள் ஒழுங்காகல இன்ஜினியர், சட்டை மாத்திக்கிட்டாங்க."

மருத்துவமனையிலிருந்து செவிலி அழைத்தார். தையற்காரர் கண் விழித்து முதலில் ஆட்ட முடிவைக் கேட்டாராம். பெல்ட் பற்றி விசாரித்ததற்கு, "வயித்த அமுக்கும். பெட்டியே சும்மா இருக்கு, எனக்கென்ன?" என்றாராம்.

மாலை 7.15. வில்மர் வெளியே வந்தார்.

"வேலைக்குத் திரும்பிரலாம் வில்மர்," என்றார் இன்ஜினியர். "ஆனா இந்தச் சட்டை சமாச்சாரம், நாளைக்கு விருது முடியற வரைக்கும்..."

"எழுதிக் குடுங்க."

"எதை?"

"நான் அடிக்கலன்னு. பெட்டி தப்பா சொல்லிச்சுன்னு. கையெழுத்தோட."

நெலிதா பேனாவை நீட்டினார். இன்ஜினியர் நின்றபடியே எழுதினார். வில்மர் வாங்கி, விரலை வைத்து வாசித்தார்: 'பாதுகாப்புப் புத்தாக்க வரலாற்றில் முன்னெப்போதும் காணாத, தவிர்க்கவியலாத தேசப்பற்றுச் சூழலின் விளைவாக...'

தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மொத வரி வேணாம், இன்ஜினியர். எம் பேர் வர்ற எடத்துலேர்ந்து எழுதுங்க."