தள்ளிப் படு

காலையில் பார்த்து முடித்த படத்தின் கடைசிக் காட்சி ஜெகதீஷைத் தூங்கவிடவில்லை. யாரும் கேள்விப்படாத படம், பேயின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. படம் முழுக்க எதற்கோ பயந்து ஓடிய நாயகன், அண்ணன் ஊருக்குப் போன வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகப் படுக்கிறான். கண்ணைத் திறக்காமலே சுவர்ப் பக்கம் நகர்ந்து பாதி மெத்தையைக் காலியாக விடுகிறான். அத்தோடு முடிந்தது. யாருக்கு இடம் விட்டான்?

படத்தைப் பார்க்கச் சொன்னவன் அறைத்தோழன் மாரிமுத்து, சாமல்பட்டிக்காரன். அவனுக்குக் காலை ஷிப்ட், ஜெகதீஷுக்கு இரவு ஷிப்ட். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் இருவருக்கும் ஒரே மெத்தை. மதியம் இரண்டரைக்கு மாரிமுத்து வந்து, "தள்ளிப் படு மச்சான்" என்பான். இவன் தூக்கத்திலேயே சுவரோரம் உருளுவான். இரண்டு வருடப் பழக்கம். அவனுக்காகக் கதவைத் தாழிடுவதே இல்லை.

இன்று தாழிட்டான். பட்டப்பகலில் படத்துக்குப் பயப்படுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் ஒட்டியிருந்த அட்டைகள் அறையை இருட்டாக்கியிருந்தன. "முடிவு புரியலடா, சீக்கிரம் வா" என்று மாரிமுத்துவுக்குப் போனில் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தான்.

மின்விசிறியின் கடகடப்பும், தூரத்துச் சாலையில் கியர் மாற்றும் கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், கீழ்வீட்டு நாராயணம்மாவின் குக்கர் விசிலும் ஒன்றாகக் கரைந்துகொண்டிருந்த அரைத்தூக்கத்தில், மெத்தையின் மறுபக்கம் மெல்ல அமுங்கியது. வந்துவிட்டான். நிம்மதியாக இருந்தது. சுவரோரம் உருண்டான்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. மாரிமுத்துவின் செய்தி.

"ரெண்டாவது ஷிப்டும் பாக்கச் சொல்லிட்டாங்க மச்சான். பத்து மணிக்கு மேலதான் வருவன். முடிவு எனக்கும் புரியல. நீ தூங்கு."

போன் வெளிச்சத்தில் கதவு தெரிந்தது. போட்ட தாழ் போட்டபடி.

மாரிமுத்து மேல் எப்போதும் அடிக்கும் மெஷின் கூலன்ட் எண்ணெய் நாற்றம் இல்லை. எந்த நாற்றமும் இல்லை.

இப்போது புரிந்தது. அந்த நாயகன் பேய்க்கு இடம் விடவில்லை. அண்ணன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறான்.

ஜெகதீஷ் திரும்பிப் பார்க்கவில்லை. போன் வெளிச்சம் அணைந்தது. மெத்தை இன்னும் அமுங்கியது. முதுகில் சில்லென்று ஏதோ பட்டது. நகர்ந்தான். மூக்கு சுவரில் இடித்தது. அதற்கு மேல் இடமில்லை.

"தள்ளிப் படு" என்றது.