யாராலும் படிக்க முடியாத வரி

“யாரோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டாங்கக்கா,” என்று சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே வந்தார்.

சாவியக்கா கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். கடையின் ஒரு பாதியில் அவர் பூட்டு பழுது பார்ப்பார். மறுபாதியில் அவருடைய கணவர் துணி தைப்பார். இப்படி யாராவது வந்தால் முதலில் நிற்பது தையல் மெஷின்தான். இப்போதும் நின்றது.

கண் பரிசோதனைக்கு நேரம் பதிவதற்காகக் கடைக்காரர் இணையத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரே மாதத்தில் மூன்று முறை யாரோ அதில் நுழைந்து, ஒரு நாளின் பதிவுகள் அத்தனையையும் ரத்து செய்திருந்தார்கள்.

“நான் டைப் அடிக்கும்போது பக்கத்துல இருக்கறது ஒரே ஆள்தான். லென்ஸ் தேய்க்கிற அம்மா. பதினோரு வருஷமா இருக்காங்க. இன்னிக்கோட நின்னுக்கச் சொல்லிட்டேன்.”

“பாஸ்வேர்ட் சுலபமானதா?”

“பத்து எழுத்துக்கா. பேர் இல்ல, பிறந்த நாள் இல்ல, எந்த அகராதியிலயும் கிடையாது. முதல் தடவை நுழைஞ்சதும் அதையே தலைகீழா மாத்தினேன். அப்பவும் நுழைஞ்சாங்க. மறுபடி நேரா மாத்தினேன். பழசையே திரும்ப வைப்பேன்னு யார் நினைப்பாங்க?”

“எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?”

“ஒரு இடத்துலயும் எழுதல. சத்தியமா.”

சாவியக்கா தன் போனை நீட்டினார். “இதுல திறந்து காட்டுங்க.”

கடைக்காரர் போனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். “இங்க வராதுக்கா. என் கடையில உக்காந்தாத்தான் வரும்.”

“விளங்கிடுச்சு,” என்று கணவர் காதோடு சொன்னார். “மனுஷனுக்கு மறதி. அந்தம்மாகிட்ட கேட்டுக் கேட்டுத்தான் போடறார்.”

“ஏங்க, முதல்ல காலைப் பாருங்க. ஊசியை மிதிச்சுடப் போறீங்க.”

கண்ணாடிக் கடையின் பரிசோதனை அறை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. கடைசிச் சுவரில் எழுத்துப் பலகை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, கம்ப்யூட்டர். லென்ஸ் தேய்க்கும் அம்மா தோளில் பையோடு கதவருகே நின்றார். யாரையும் பார்க்கவில்லை.

கடைக்காரர் பாஸ்வேர்டை அடித்தார். சாவியக்கா அவருடைய விரல்களைப் பார்க்கவில்லை. தாடையைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் அது ஒருமுறை மேலே போய் வந்தது.

பிறகு, பதிவுகள் ரத்தான மூன்று நாள் பட்டியல்களையும் வாங்கிப் பார்த்தார். “போன் பண்ணித் திட்டினது யார் யார்?”

“எல்லாரும்தான்.”

“வேன் டிரைவர் திட்டல,” என்றார் லென்ஸ் தேய்க்கும் அம்மா, முதல் முறையாக வாயைத் திறந்து. “மூணு நாளும் அவர் பேர் இருந்துச்சு. ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல. போனை எடுத்துத் திட்டு வாங்கினது நான்தானே, எனக்குத் தெரியாதா?”

“அவரை வரச் சொல்லுங்க,” என்றார் சாவியக்கா. “ஏங்க, நம்ம கடைச் சுவத்துல இருக்கறதைக் கழட்டிட்டு வாங்க.”

டிரைவர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெரிய எழுத்திலிருந்து தொடங்கி, கடைசி வரியின் பத்து எழுத்து வரை தடங்கல் இல்லாமல் படித்தார்.

சாவியக்கா விளக்கைப் போட்டார். சுவரில் எழுத்துப் பலகை இல்லை.

“அது என் தையல் கூலிப் பட்டியல்,” என்றார் கணவர், வாயிலிருந்த அளவு நாடாவை எடுத்துவிட்டு. “பாவாடைக்கு நாடா கோக்கறது வரைக்கும் போட்டிருக்கு.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்கயும் எழுதாத பாஸ்வேர்ட் இந்தக் கடையில மட்டும் ஞாபகம் வருதுன்னா, அது இங்கதான் எங்கயோ தெரியுதுன்னு அர்த்தம்,” என்றார் சாவியக்கா. “சார் எழுத்துக்கு எழுத்து அந்தச் சுவத்தைப் பாத்தார். பலகையோட கடைசி வரி.”

“அதை யாராலயும் படிக்க முடியாதேக்கா. அதனாலதானே வச்சேன்.”

“போன்ல படம் எடுத்துப் பெருசாக்கினேன் சார்,” என்றார் டிரைவர் மெல்ல. “ஸ்கூல்ல கண் டெஸ்ட் சீட்டு கேட்டாங்க, கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா வேனைப் பிடுங்கிடுவாங்க. மனப்பாடம் பண்ணத்தான் எடுத்தேன். நீங்க சுவத்தைப் பாத்துப் பாத்துத் தட்டினதைக் கவனிச்சேன், போட்டேன், திறந்துடுச்சு. என் பேரை மட்டும் எடுத்தா மாட்டிக்குவேன்னு எல்லாரையும் எடுத்தேன்.”

“மூணு தடவையா?”

“அப்ப பாதிப் பலகைதான் மனப்பாடம் ஆகியிருந்துச்சு சார். எனக்குப் படிப்பு ஏறாது.”

“தலைகீழா மாத்தினது எப்படித் தெரிஞ்சுது?”

“நேரா போகல. வேற எப்படிப் போடறது?”

சாவியக்கா கடைக்காரரிடம் திரும்பினார். “நீளம் மட்டும் போதாது சார். யார் கண்ணுலயும் படக் கூடாது. ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத அஞ்சாறு வார்த்தையைச் சேர்த்து வைங்க. மாத்தினா முழுசா மாத்துங்க. போனுக்கு வர்ற நம்பரையும் சேர்த்துக் கேக்கற மாதிரி வச்சுக்கங்க.”

பலகை மறுபடி ஏறியது. மனப்பாடத்தை விட்டுக் கண்ணால் படித்ததில் டிரைவரால் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. சோதனை லென்ஸ் மாட்டியதும் ஏழாவது வரிவரை வந்துவிட்டார்.

“இதுக்கா இத்தனை பாடு? கண்ணாடி போட்டுத் தாராளமா ஓட்டலாம்யா,” என்றார் கடைக்காரர்.

“போடாம ஓட்டக் கூடாது,” என்றார் சாவியக்கா. கையை நீட்டினார். டிரைவர் வேன் சாவியை அதில் வைத்தார். “கண்ணாடி வந்ததும் இதை வாங்கிக்கங்க.”

“காலைல ஏழு மணிக்குப் பிள்ளைங்க வந்து நிக்குமேக்கா.”

அப்படியானால் லென்ஸை இன்றைக்கே தேய்க்க வேண்டும். எல்லாரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

அந்த அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கி, பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டார். அது கடகடவென்று இரைந்தது. கடைக்காரர் பின்னாலேயே போய் ஏதோ சொன்னார்.

“என்ன சார்? கேக்கல.”

“தப்பு என்மேலதாம்மா.”

“மெஷின் சத்தத்துல ஒன்னும் விழ மாட்டேங்குது சார்,” என்றார் அவர், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். “வாசல் வரைக்கும் கேக்கற மாதிரிச் சொல்லுங்க.”