அட்டை ஏறாத மரம்

இனி யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது, கத்திப்பிடியால் மரத்தைத் தட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் வழிகாட்டி ஈச்சன் காணி பள்ளத்துக்குள் முதல் அடியை வைத்தார்.

பொதிகை மலையின் அந்தச் சரிவில் நண்பகலிலும் மஞ்சு மூட்டம் விலகவில்லை. ஷமீமா அவருக்குப் பின்னால் இறங்கினாள். நான்கு வருடங்களுக்கு முன் இங்கே ஒரே ஒரு மரத்தில் எடுத்த பட்டையின் சாறு, அவளுடைய ஆய்வுக்கூடத்தில் நுரையீரல் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது. அந்தப் பட்டை தீர்ந்துவிட்டது. அதே இனத்து மரங்கள் அறுபதைச் சோதித்தும் ஒன்றிலும் அந்த வீரியம் இல்லை. வனத்துறை அனுமதி இன்று மாலையோடு முடிகிறது. பழைய மரம் கிடைக்காவிட்டால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

அன்று பட்டை எடுத்த உதவியாளன் ஜெபராஜ் முன்னால் போனான். மஞ்சு அவனை விழுங்கியது. ஷமீமா தன்னை மறந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். அவன் போன திசைக்கு நேர் எதிரிலிருந்து அவள் குரலே திரும்பி வந்தது.

ஈச்சன் காணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "எதிரொலிதாம்மா. ஆனா அது பின்னாடி போன ரெண்டு பேரு திரும்பி வரல."

சற்று நேரத்தில் கத்திப்பிடியால் மரத்தைத் தட்டும் ஓசை கேட்டது. ஜெபராஜ் மரத்தைக் கண்டுபிடித்துவிட்டான்! அன்று அவன் வெட்டிய தழும்பு உதடுபோல மூடியிருந்தது. அடிமரமும் வேர்களும் கரும்பச்சைப் பாசிக்குள் புதைந்திருந்தன. சுற்றிலும் நூற்றுக்கணக்கான அட்டைகள் தலையைத் தூக்கி நின்றன. ஒன்றுகூட மரத்தை நெருங்கவில்லை.

பாசியைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே பட்டையை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வேலையின் முதல் விதி. ஷமீமா வேரிலிருந்து மேல்நோக்கி, ஒரு கையகலத்துக்குப் பிரஷ்ஷால் தேய்த்தாள். நிமிர்ந்தபோது ஓர் அட்டை மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. தேய்த்த இடத்தில் மட்டும்! இருபுறமும் இருந்த பாசியை அது தொடவே இல்லை.

ஷமீமா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஜெபராஜ், அன்னைக்கு இந்தப் பாசியைத் தேய்ச்சியா?"

அவன் தலை குனிந்தான். "மழை கொட்டுச்சு மேடம். அப்படியே பையில போட்டுட்டேன். படிவத்துல மட்டும் சுத்தம் செஞ்சதுன்னு எழுதிட்டேன்."

"அந்த அறுபது மரம்?"

"அதெல்லாம் நல்லாத் தேய்ச்சுக் கழுவுனேன்."

ஈச்சன் காணிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப குப்பைன்னு தள்ளுனதத்தான் இம்புட்டு நாளா தேடுனீகளாக்கும்?"

இரண்டு உறை பாசியும் கொஞ்சம் பட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில், கீழே மறுபடியும் அந்தத் தட்டும் ஓசை கேட்டது. ஜெபராஜின் கத்தி அவன் இடுப்பில் இருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. பட்டைச் சாறு விட்ட தட்டில் புற்றுநோய்ச் செல்கள் செழித்திருந்தன. பாசிச் சாறு விட்ட தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆய்வு தொடரலாம் என்று உத்தரவு வந்தது. மருந்து கிடைத்துவிட்டது என்று குதித்த ஜெபராஜிடம், தட்டிலிருந்து நோயாளியிடம் போக இன்னும் பல வருடங்கள் ஆகும், போய்ச் சேராமலும் போகலாம் என்றாள் ஷமீமா.

அந்தக் கூடத்தில் இப்போது எதையும் தேய்த்துக் கழுவுவதற்கு முன், அழுக்கிலும் ஒரு சிட்டிகை எடுத்துப் பெயர் எழுதி வைக்கிறார்கள்.