ஏழாவது கொட்டை

காட்டாமணக்குக் கொட்டையைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், நாலு வயது தம்பி வாண்டுவைத் தவிர.

வீட்டுக்கு எதிரே இருக்கும் எண்ணெய் ஆலையில் அம்மாவுக்கு வேலை. தானாக வளர்ந்த செடிகளில் பறித்த கொட்டைகள் அங்கே மூட்டை மூட்டையாக வரும். பிழிந்த எண்ணெய் சோப்புத் தொழிற்சாலைக்குப் போகும். அம்மா மூட்டைக்கு நாலு கொட்டையை உடைத்து, பருப்பை வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குவாள். எண்ணெய்க் கறை நன்றாகப் பரவினால்தான் மூட்டை உள்ளே போகும்.

பள்ளியில் காட்ட ஒரு கைப்பிடி கேட்டு வாங்கியிருந்தேன். டப்பாவை உயரத்தில் வைக்கச் சொன்னாள் அம்மா. நான் மேஜையிலேயே வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் டப்பா திறந்து கிடந்தது. தரையெல்லாம் கறுப்பு ஓடுகள். நடுவில் வாண்டு, வாயை இறுக மூடியபடி.

தின்றாயா என்று கத்தினேன். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

ஓடுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நொடி தோன்றியது. அப்படி நினைத்ததே பயமாக இருந்தது. எல்லா ஓடுகளையும் பொறுக்கி டப்பாவில் போட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். டப்பாவை மேஜையில் வைத்தது நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அவனையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்தக் கொட்டை, எத்தனை என்று டாக்டர் கேட்டார். ஓடுகளை ஜோடி சேர்த்துப் பார்த்தோம். ஏழு.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது வாண்டு மிரண்டு மிரண்டு என்னையே பார்த்தான். ஊசியைக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீ என்ன பண்ணியிருந்தாலும் அக்கா அடிக்க மாட்டேன்டா," என்றேன்.

"உன் நோட்டுல வச்சு நசுக்கினேன். அம்மா மாதிரி," என்று விசும்பினான். "கட்டிலுக்கு அடியில இருக்கு."

பார்த்தால்தான் நம்புவேன் என்றார் டாக்டர். அம்மா ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நசுங்கிய பருப்பு ஆறுதான் இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த கடைசி இரண்டு தாள்களை டாக்டர் மெதுவாகப் பிரித்தார். இரண்டு நாள் உட்கார்ந்து நான் வரைந்த படத்தின் நட்டநடுவில் இருந்தது ஏழாவது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படத்துக்காக இல்லை.

விரலையாவது சப்பியிருப்பான் என்று டாக்டர் அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, சாயங்காலம்வரை அங்கேயே உட்காரவைத்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போது அம்மா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வேலைப் பழக்கம் விடுமா?

"எண்ணெய் நல்லா பரவியிருக்கு," என்று சொல்லி வாண்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இந்த மூட்டையை உள்ளே எடுத்துக்கலாம்."