ஓசியில் வந்த மீன்தொட்டி

மேல் மாடி ராகவேந்திரன் மாமா வேலை மாறிப் புனேவுக்குக் கிளம்பும்போது, தம் மீன்தொட்டியைச் சிம்ராவிடம் கொடுத்துவிட்டார். ஆறு தங்கமீன்கள், வண்ணக் கூழாங்கற்கள், குமிழி விடும் மோட்டார்!

“காசே வேணாம் சிம்ரா. நல்லா பாத்துக்கோ, அது போதும்” என்றார்.

சிம்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாம் ஒரு மாதம்தான். தீனி, ஃபில்ட்டர் என்று அவளுடைய பெருநாள் காசு முழுவதும் கரைந்துபோனது. அண்ணன் காஷிஃபிடம் நூறு ரூபாய் கடனும் ஏறியது. அவர்கள் இருந்த இராயப்பேட்டைத் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். அவர்கள் ‘அம்மி’ என்று கூப்பிடும் அம்மா குடத்தோடு ஓடுவாள். சிம்ரா மீனுக்காக வாளியோடு ஓடுவாள்.

“நமக்கே தண்ணி பத்தல. கரண்ட் பில்லும் ஏறிப்போச்சு” என்று ஒருநாள் அம்மி கறாராகச் சொன்னாள். “ஞாயித்துக்கிழமைக்குள்ள இத யார்கிட்டயாவது குடுத்துடு.”

சிம்ராவின் முகம் சுருங்கிவிட்டது.

காஷிஃப் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கிறான். “பெரிய சொத்துன்னு நெனச்சியே, இப்ப இன்னா ஆச்சு? காசத் தின்னுக்கினு கீது. எனக்கு நீ தரவேண்டிய நூறு ரூபா இருக்கே, அதுக்கு எங்க புக்குல ‘பொறுப்பு’ன்னு பேரு.”

“பொறுப்பா இருன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

“இது வேற பொறுப்பு. திருப்பித் தரணும்!”

சனிக்கிழமை மாலை சிம்ரா கடைக்குப் போய்த் திரும்பினாள். கீழ்த்தளத்தில் பல் டாக்டர் ஸ்நேஹாவின் கிளினிக். அதன் வாசலில் ஒரு சின்னப் பையன் படிக்கட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான்.

“வரமாட்டேன்! ஊசி போடுவா!”

“ஷ்ரவண், எல்லாரும் பாக்கறாடா!” அவன் அம்மா கெஞ்சினாள்.

சிம்ராவுக்குப் பாவமாக இருந்தது. “தம்பி, எங்க வீட்ல மீன் இருக்கு. பாக்கறியா?”

அழுகை பாதியில் நின்றது. அம்மாவும் பிள்ளையும் அவளோடு மாடியேறினார்கள். ஷ்ரவண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். மீன் வாயைத் திறந்தது, அவனும் திறந்தான். மீன் மூடியது; அவனும் மூடினான்.

அவனைத் தேடி மேலே வந்த டாக்டர் பக்கத்தில் குனிந்தார். “எங்க, மீன் மாதிரி இன்னொரு வாட்டி திற. அட, ஒரு பல்லுதான் ஆடுது! ஊசியே வேணாம்.”

பிறகு அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “இது என் கிளினிக்ல இருந்தா ஒரு குழந்தையும் அழாது. ஆயிரம் ரூபா தரேன், வித்துடறியா சிம்ரா?”

ஆயிரம்! ‘சரின்னு சொல்லு’ என்பதுபோல் காஷிஃப் பின்னாலிருந்து வேகமாகத் தலையை ஆட்டினான்.

சிம்ரா யோசித்தாள். ஆயிரமும் பெருநாள் காசு போலவே கரைந்துவிடும். மீன்களும் கையைவிட்டுப் போய்விடும்.

“விக்கல டாக்டர். வாடகைக்குத் தரேன். தண்ணி, கரண்ட், தீனி உங்களுது. தொட்டி என்னுது. சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து கழுவறேன். மாசம் எரநூறு ரூபா.”

டாக்டர் சிரித்துவிட்டார். “பல்லப் பிடுங்கறது நானா, நீயா? சரி, எடுத்துட்டு வா!”

அம்மியும் சேர்ந்து சிரித்தாள்.

முதல் மாத வாடகை வந்ததும் சிம்ரா அண்ணனின் கடனை அடைத்தாள். மீதி உண்டியலுக்குள் போனது.

அந்தச் சனிக்கிழமை அவள் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கன்னம் வீங்கிய ஒரு குட்டிப் பெண் நர்ஸ் தேவானையிடம் கேட்டாள்: “இதெல்லாம் டாக்டரோட மீனா?”

“இல்ல கண்ணு. டாக்டர் வாடகைக்குத்தான் வெச்சிக்கினு கீறாங்க. ஓனரம்மா தோ நிக்கிறாங்க பாரு!”

முழங்கை வரை நனைந்து நின்ற ஓனரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.